பட்டனை அழுத்தாத வரதன்

மீஞ்சூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரதன் போனை எடுத்து மூக்குக்கு நேரே பிடிப்பார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும். சற்று நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பதினாறாயிரத்து எரநூறு! நேத்திய விட நூறு ரூவா கம்மி!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். தூங்கிக்கொண்டிருக்கும் முப்பது பேரும் கண்ணைத் திறக்காமலே, "புக் பண்ணுங்கண்ணே" என்போம். வரதன் தலையை ஆட்டிவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொள்வார். ஆறு வாரமாக எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதுதான் சுப்ரபாதம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் இரும்பாலை எங்களுடையது. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வரதன் கிரேன் ஓட்டுகிறார். நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, உருகிய இரும்பு தளும்பும் தொட்டியைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் இறக்குவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் தயிர்சாதம் சாப்பிடுகிற ஆள் மாதிரி இருக்கும். ஆனால் கீழே இறங்கிவிட்டால் தீர்ந்தது. தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போய், நீலமா பச்சையா என்று கடையில் வேலை செய்கிறவர்களையெல்லாம் கேட்டு, கடைசியில் கல்லாவில் இருந்த அம்மாவையும் கேட்டு, இரண்டும் வேண்டாமென்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்.

இந்த முறை விஷயம் சட்டை இல்லை. அவருடைய ஒரே மகள் ஸ்நேகா, புருஷன் வேலை பார்க்கிற புனேயில் இருக்கிறாள். தலைப்பிரசவம். வளையல் போட்டு மீஞ்சூருக்கு அழைத்து வருவதாகத்தான் ஏற்பாடு. பயணமே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். பெண் தாய்வீட்டுக்கு வர முடியாது என்றால் தாய்வீடு எழுந்து போகத்தானே வேண்டும்? வரதனும் அவர் மனைவி கன்னியம்மாவும் விமானத்தில் போவது என்று முடிவானது. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. டிக்கெட்டை நாமே போனில் போடுவதா, ஏஜென்டிடம் போவதா என்பது மட்டும் முடிவாகவில்லை.

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வெல்டிங் பிரிவு மணிகண்டன் போன் கட்சி. "ஏஜென்ட் கைல குடுக்கிற முந்நூறு ரூவா தெண்டம்ணே. ரெண்டு நிமிசத்துல நானே போட்டுத் தரேன்" என்பான். ஸ்டோர்ஸ் சுப்பிரமணி ஏஜென்ட் கட்சி. அவருடைய மச்சான் பையன் தானே டிக்கெட் போட்டு, விமானம் ரத்தாகி, விமானக் கம்பெனி நம்பருக்குப் போன் செய்தால் பாட்டுதான் வந்ததாம். "ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்டுக்கினே நின்னான் வரதா. கடைல போட்டிருந்தா, போய் சட்டையப் புடிச்சிக் கேக்கலாம்." வரதன் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அதுவும் கரெக்ட்டுதான்."

ஒருநாள் மணிகண்டன் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கிப் பெயர், வயது, தேதி எல்லாம் அடித்துக் கடைசி பட்டனை மட்டும் வரதனுக்கு விட்டான். "ராகுகாலம் முடிஞ்சிடட்டும் நைனா" என்றார். முடிந்தது. போனில் சார்ஜ் இல்லை என்றார். சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். பாங்கிலிருந்து ஓ.டி.பி. வந்தபோது, கண்ணாடியைத் தேடுகிறேன் என்று சட்டைப் பையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினார். நேரம் காலாவதியானது. மணிகண்டன் அன்று தன் சீட்டை மாற்றிக்கொண்டான்.

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. அங்கே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இங்கே இவர் விளையாடுகிறாரே என்று கேட்டே விட்டேன். வரதன் கோபித்துக்கொள்ளவில்லை. "கீழ ஒருத்தன் கை காட்டாம நான் எத்தயும் தூக்கினதில்ல சார். முப்பது வருசமா அதான் வேல. இதுல யார் சார் கை காட்டுறது?" என்றார். நியாயமாகப் பட்டது. நான் நம்பிவிட்டேன்.

போன வாரம் ஸ்நேகா போன் செய்தாள். சொன்ன தேதிக்கு முன்பே பிரசவம் ஆகிவிடலாம், பத்து நாளில் அம்மா இங்கே இருந்தாக வேண்டும் என்றாள். கன்னியம்மா அவரிடம் யோசனை கேட்கவில்லை. சனிக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று, "கெளம்புயா" என்றார். படித்தவர் ஒருவர் துணைக்கு இருக்கட்டும் என்று வரதன் என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் பக்கத்தில் குணசுந்தரியின் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ரயில், விமானம் எல்லாம் அந்த ஒரே மேஜையில் நடக்கும். குணசுந்தரி கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியை எங்கள் பக்கம் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார். எதற்குப் போகிறீர்கள்? என்ன எடுத்துப் போகிறீர்கள்? பிரசவ லேகியமா? அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பையில் போட்டுவிடுங்கள். கன்னியம்மா எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். வரதன் சுவரில் ஒட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே. போறது ரெண்டு பேரும் வெள்ளிக்கெழம. திரும்பி?"

"புதன்கெழம" என்றார் வரதன். "லீவு அவ்ளோதான்."

"நீங்க புதன்கெழம. அக்கா எப்ப?"

"அவளுந்தான்."

கன்னியம்மா மெதுவாகத் திரும்பினார். "இன்னாயா பேசற? அஞ்சு நாள்ல அவ புள்ள பெத்து, எழுந்து நின்னு, சோறும் ஆக்கிடுவாளா? மூணு மாசமாவது நான் இருக்க வாணாமா?"

வரதன் மறுபடி விமானப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வாரமாக அவர் பஸ்ஸில் பார்த்த ஒவ்வொரு விலையும் இரண்டு பேர் போய் இரண்டு பேர் திரும்பி வருகிற விலை. முப்பது பேர் இருந்தோம், கட்சி கட்டினோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. போனும் கேட்கவில்லை. அவரைப் போய் விளையாடுகிறார் என்று சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது.

"எங்கம்மா ஊட்டுக்குப் போனாக்கூட சாயங்காலம் பின்னாலயே வந்து நிப்பாரும்மா" என்று கன்னியம்மா குணசுந்தரியிடம் சொன்னார். புகாராக ஆரம்பித்த குரல் முடிவதற்குள் சிரிப்பாகிவிட்டது. "கல்யாணமாகி முப்பத்தோரு வருசம். ஒரு நைட்டு தனியா இருந்ததில்ல இந்த மனுசன்."

"சும்மா இரு, பேஜாரு பண்ணாத" என்றார் வரதன். காது சிவந்துவிட்டது.

குணசுந்தரி சிரிக்கவில்லை. "அண்ணே, போறதுக்கு ரெண்டு, வர்றதுக்கு ஒண்ணு. அக்காவுக்கு ரிட்டன் இப்ப வாணாம். கொயந்த பொறந்து, எல்லாம் சரியானதும் எனக்கு ஒரு போன் அடிங்க, நானே போட்டு அனுப்பறேன். போட்டுடட்டுமா?"

வரதன் மனைவியைப் பார்த்தார். கன்னியம்மா நேராகப் பார்த்துத் தலையசைத்தார். "போட்டுடும்மா" என்றார் வரதன். ஆறு வார விவகாரம் ஐந்து நிமிடத்தில் முடிந்து, பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்தது.

வெளியே வந்ததும் கன்னியம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கடை தள்ளியிருந்த பாத்திரக்கடைக்குள் நுழைந்தார். மேல் வரிசையிலிருந்து குக்கர்களை இறக்கச் சொல்லி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து வரதன் கையில் வைத்தார். "இந்தா. ஒரு ஆளுக்கு இது போதும். இன்னிக்கு சாயங்காலமே கத்துக் குடுக்கறேன்."

வரதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு யாரிடமும் யோசனை கேட்காமல் அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்குப் பொங்குகிற அடுத்த அளவைக் கை காட்டினார்.