நாலாவது பாட்டில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிற ஆள் இல்லை நான். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் ஊர் குடிப்பது ஆற்றுத் தண்ணீர். வாராவாரம் மூன்று இடத்தில் அதைப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. படகுத்துறை, வளைவு, கடைசியாக ஊருக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாய். துடுப்பு போடுபவரைத் துடுப்பண்ணன் என்போம். தலை நரைத்த தனிக்கட்டை. பத்துத் தள்ளுக்கு ஒருமுறை ஆற்றில் காறித் துப்புவார்.

"சீ! குடிக்கிற தண்ணிண்ணே!"

"என் எச்சில் பட்டா ஊரே செத்துடுமா? போப்பா."

ஒரு திங்கட்கிழமை எனக்கு உடம்பு வணங்கவில்லை. "நீங்களே போய்ப் பிடிச்சுட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கரையோரம் காலிப் படகு. உள்ளே இரண்டு பாட்டில்தான் இருந்தன. சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயாவது கிளம்பிவிடுவது அவர் வழக்கம். மூன்றாவதுக்கு வேறொரு பாட்டிலைத் துறையிலேயே முக்கி நிரப்பினேன். அடுத்த இரண்டு வாரம் மூன்றையுமே அப்படித்தான். லேபில் 'சுத்தம்' என்று வந்தது.

பிறகு என் மகளுக்கு வாந்தி ஆரம்பித்தது. ஏழு வயது. எதுவும் தங்கவில்லை.

"தண்ணி நாறுதுப்பா..."

பெற்ற வயிறு பதறியது என் மனைவிக்கு. மூன்று வாரமாகக் குழாய் வாய்த் தண்ணீர் லேபுக்கே போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றே நானே துடுப்பைப் பிடித்தேன்.

மாலை 5:10. நல்ல வெளிச்சம். காற்றே இல்லை.

5:25. வளைவைத் தாண்டியதும் படகின் பின்பக்கம் அமிழ்ந்தது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த கனம்.

நான் ஒரு தள்ளு. சளப்.

பின்னால்... சளப்.

அழுகல் நாற்றம். மூக்கில் இல்லை, நாக்கில் தெரிந்தது.

எட்டு... ஒன்பது... பத்து.

க்ர்ர்... த்தூ!

என் பிடரியில் விழுந்தது. ஜில்லென்று. கொழகொழவென்று. துடைத்தேன். விரலில் நரைமுடி.

திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

5:31. குழாய் வாய். என் பாட்டில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

பின்னால்... க்ளக்... க்ளக்... க்ளக்...

பாட்டில் நிரம்பும் சத்தம்.

எப்படிக் கரை சேர்ந்தேனோ தெரியாது. 5:52. கொண்டு போனது மூன்று பாட்டில். படகில் நாலு இருந்தன. நாலாவது நிறையக் கலங்கல். ஒட்டியிருந்த சீட்டில் துடுப்பண்ணனின் கோணல் கையெழுத்து. 'குழாய் வாய்.' தேதி, இருபத்தொரு நாளுக்கு முந்தைய திங்கட்கிழமை.

மறுநாள் குழாய் வாயின் கம்பி வலையிலிருந்து அவரை எடுத்தார்கள். முழுதாக இல்லை. செத்து மூன்று வாரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். மீதி வலையைத் தாண்டிப் போயிருந்தது. எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்... நானும் குடித்தவன்தான்.

மகள் பிழைத்துக்கொண்டாள். துடுப்பண்ணனை அவள் பார்த்ததே இல்லை. நானும் வீட்டில் அவரைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கும்போது மடக்குகளை எண்ணுகிறாள். பத்தானதும் காறித் துப்புகிறாள்.

"சீ, என்னடி இது?" என்று அதட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"போப்பா" என்றாள்.