மிஸ் டெய்சிக்காக விசில் அடித்த ஜெயம்மா அத்தை

அன்று ரெஹானா வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். அவளுடைய புதுப் பாவாடையின் ஓரத்தில் வெள்ளை நூலில் தற்காலிக ஓட்டுத் தையல் மட்டும்தான் இருந்தது.

"ஜெயம்மா அத்தை முடிச்சுத் தரலியா?" என்று கேட்டேன்.

"வாங்கிகினு வரலாம்னு போனேன்டி. வாசல்ல பந்தல் போட்டுகினு இருக்காங்க. அவங்க தம்பிதான் மிஷின் மேல இருந்து இத எடுத்துக் குடுத்தாரு" என்றாள். அத்தையின் சாவு வீட்டிலிருந்து நேராக வகுப்புக்கு வந்திருந்தாள்.

நம் பள்ளியில் யாருடைய சீருடையைத் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது ஜெயம்மா அத்தையின் தையல்தான். வளர்கிற பிள்ளைகள் என்று மடிப்பில் தாராளமாகத் துணி விட்டுவிடுவார். ஆனால், நாம் பிறப்பதற்கு முன் அவர் மெட்ராசில் ஒரு பாப் பாடகியோடு மேடை மேடையாகப் போனவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

எனக்கும் நம் ஆண்டு விழா அன்றுதான் தெரிந்தது. கோலாட்டப் பெண்களுக்கு ஊக்குக் குத்திவிட வந்திருந்த அத்தை, திரையின் கிழிசலில் கண்ணை வைத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முன்னால உக்காந்தா பாட்டு மட்டுந்தான் கேக்கும். பின்னால நின்னாதான் கூத்து பூரா தெரியும்."

"இதுக்கு முன்னாடி எந்த மேடையில நின்னீங்க அத்தை? யார் பாடினாங்க? என்ன பாட்டு?"

"நீ என்னா போலீசா? இந்த ஊக்கப் புடி மொதல்ல."

அதன்பிறகு, பள்ளிவிட்டு வரும் வழியில் அவருடைய தையல் மிஷின் அருகே உட்கார்ந்து, ஓட்டுத் தையல் நூலைப் பிரித்துக்கொண்டே கதை கேட்பது என் வழக்கமானது.

அந்தப் பாடகிக்கு மேடையில் மிஸ் டெய்சி என்று பெயர். கிடார், டிரம்ஸ், ஜமிக்கி வைத்த கவுன். கவுன் தைப்பது, இஸ்திரி போடுவது, பாட்டுக்கு நடுவே மிளகு போட்ட வெந்நீர் கொடுப்பது எல்லாம் அத்தையின் வேலை. ஒருநாள் புதுப் பாட்டு ஒத்திகை. பாட்டின் நடுவே டெய்சி விசில் அடிக்க வேண்டும். உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தும் வெறும் காற்றுதான் வந்தது. கவுனின் கீழ் மடிப்பைச் சரிசெய்தபடி தரையில் உட்கார்ந்திருந்த அத்தை, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு அந்த விசிலை அடித்துக் காட்டினார். அன்று முதல் மேடையில் டெய்சி உதட்டைக் குவிப்பார். திரைக்குப் பின்னால் இன்னொரு மைக்கில் அத்தை விசில் அடிப்பார். இசைத்தட்டிலும் அத்தையின் விசில்தான். அதன்மேல் டெய்சியின் பெயர் மட்டும் இருந்தது. "எனக்கு அதுதான் நல்லது. என் பேரப் போட்டா நைனா வந்து இழுத்துகினு போயிருப்பாரு" என்பார்.

அத்தை நைனா என்று அழைத்த அவருடைய அப்பா பொதட்டூர்பேட்டையில் நெசவாளர். அவர்கள் தெருவில் தறிகள் ஓடும்போது ஆளைக் கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் சாப்பாட்டுக்கு அழைக்க வீட்டுக்கு வீடு ஒரு விசில் உண்டு. அத்தையின் வீட்டு விசில், நீளமாய் மேலே ஏறிக் கடைசியில் கொக்கிபோல வளையும். 'வரேன்' என்பதற்கு நைனா இரண்டு குட்டை விசில் கொடுப்பார். பெண் பிள்ளை வீட்டுக்குள் அடித்தால் அது அழைப்பு. தெருவில் அடித்தால் முதுகில் அடி. மெட்ராசில் ஒரு பாடகிக்குத் தையல், இஸ்திரி வேலை மட்டும் என்ற பேச்சில்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். வேறு ஏதாவது தெரிந்தால் மறுநாளே வீடு திரும்ப வேண்டியதுதான்.

அப்படி இருக்கையில், ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊரிலேயே டெய்சியின் கச்சேரி வைத்தார்கள். காவடி எடுத்து மலை ஏறி இறங்கிய நைனா, மகளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். திரைக் கிழிசலில் அவரைப் பார்த்ததும் அத்தைக்கு வாய் உலர்ந்துவிட்டது. உதட்டில் ஈரம் இல்லாமல் விசில் வருமா? டெய்சிக்கு வைத்திருந்த வெந்நீரைத் தானே குடித்துவிட்டு மைக் முன்னால் நின்றார். மெட்டு ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் அதை முடிக்கும் இடத்தில், இசைத்தட்டில் இருப்பது போலவே, தன் வீட்டு விசிலைத்தான் அத்தை வைத்திருந்தார். பழகிய வாய் அன்றும் அதையே அடித்தது.

மலை ஏறிய அசதியில் நைனா கண்ணயர்ந்திருந்தார். அழைப்பு கேட்டதும், குழித்தறியிலிருந்து எழுவதுபோலவே வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, பதிலுக்கு இரண்டு குட்டை விசில் அடித்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டெய்சி குவித்த உதட்டோடு சிலையாக நின்றார். அத்தையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பும் மைக்கில் போய்விட்டது.

கச்சேரி முடிந்ததும் நைனா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"இஸ்திரி போடறேன்னுதானே சொன்ன?"

"ஆங், நைனா. அதுவும் போடறேன்."

அவர் டெய்சியைப் பார்த்தார். "ஏம்மா, உனுக்கு விசில் வராதா?"

"வராதுங்க" என்றார் டெய்சி, தலையைக் குனிந்துகொண்டு.

நைனா மகளிடம் திரும்பி, "சரி. கூப்ட்ட இல்ல? சோறு எங்க?" என்றார்.

ஜமிக்கி கவுனோடு தரையில் உட்கார்ந்து டெய்சியே அவருக்குப் புளிச்சோறு பரிமாறினாராம். மறுநாள் காலையில் நைனா பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினார்.

"இதை எழுதலாமா அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன். "எழுது. ஆனா கவுன் தெச்சதையும் எழுது. அதுதான் கஷ்டமான வேல. விசிலு சும்மா காத்து" என்றார்.

எவ்வளவு முயன்றும் அந்த அழைப்பு எனக்கு வரவில்லை. எனக்கும் டெய்சிபோல வெறும் காற்றுதான். ஆனால் நைனாவின் இரண்டு குட்டை விசில் எப்படியோ வந்துவிட்டது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான்.

போன வாரம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. விசில் மேலே ஏறிக் கடைசியில் வளைந்தது. யோசிக்காமல் பதில் கொடுத்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லுங்கி மூட்டையோடு பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா மட்டும் சிரித்தார்.

"என்னாடி பொண்ணே, யாரு வூட்ல சாப்பாட்டுக்குக் கூப்டறாங்க?"

"எங்க அத்தை வீட்லங்க" என்றேன்.