அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான்

எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பத்து வகுப்புப் படித்த கணக்குப்பிள்ளை மகன்களெல்லாம் என் கடைக்குத்தான் வேலை கேட்டு வந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மஸ்கெலியா பஜாரில் சொந்தக் கடையும் சொந்த லொறியும் வைத்தவன் நான். என்னைத் தூக்கிவிட்டது தலையெழுத்தல்ல, நாக்கு.

தாடி முளைக்கும் முன்னே தோட்டத்தை விட்டிறங்கி, கினிகத்தேனையில் ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரியில் சேர்ந்தேன். மாவு பிசைந்துகொண்டே அவர்கள் பாஷையையும் பிசைந்து எடுத்தேன். முதலாளியின் மனைவி என்னை ஏசி ஏசியே பேசப் பழக்கினாள். கொஞ்ச காலத்தில், பாண் வாங்க வருகிறவர்கள் நான் எந்த ஊர்ச் சிங்களவன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நாற்பத்தெட்டுக்குப் பிறகு தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றானபோது, ஆளாளுக்கு வக்கீல், புரொக்டர் பின்னால் அலைந்தார்கள். நான் நேராக அரசாங்கக் கந்தோரில் ஏறி, நாற்காலியில் இருந்த அதிகாரி மாத்தயாவிடம் அவர் பாஷையிலேயே என் நியாயத்தைப் பேசினேன். கிடைத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் பிள்ளைக்கு நான் சேர்த்துவைக்கும் சொத்து இதுதான் என்று.

ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. பஜாரே புலம்பியது. நான் என் ஒரே மகளைக் கினிகத்தேனைக்குக் கூட்டிப்போய், பழைய முதலாளி வீட்டில் தங்கவைத்து, அங்கே சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அவளுக்கு ஆறு வயது. கடைக்குச் சாமான் வாங்க வரும் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் சொன்னார்:

"முதல்ல தமிழைப் படிப்பியுங்கோ. மற்ற பாஷை அதுக்கு மேல தன்னால ஏறும்."

"ஒங்க தமிழ நம்பினா நாளைக்கு எம்புள்ளையும் கூடைதான் தூக்கணும் மாஸ்டர்," என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் விடுமுறையில் மகள் இரண்டையும் கலந்து பேசினாள். அது வேடிக்கையாக இருந்தது. சிங்களத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறபடி என்னைத் தாத்தா என்று கூப்பிட்டாள். "அதுக்குள்ள கெழவனாயிட்டீங்களே அண்ணே," என்று பக்கத்துக் கடைக்காரன் கேலி பண்ணினான். ஐம்பத்தெட்டில் நாடு கலங்கித் தமிழர்களை அடித்தபோது, வெளியே தமிழில் வாயைத் திறக்கக்கூடாது என்று முதலாளியின் மனைவி அவளுக்குச் சொல்லிவைத்தாள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் குழந்தை அதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தாள். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, அம்மா கேட்டதற்கெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

என் மனைவி கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து என் கடைக்கு வந்தவள். அவளுக்குச் சிங்களம் ஏறவில்லை. சாப்பிடு, வா, தூங்கு என்று நாலைந்து சொற்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, மகளிடம் அவற்றையே மாற்றி மாற்றிச் சொன்னாள். மற்றதெல்லாம் என் வழியாகத்தான் போனது. சோற்றுக்கு உட்கார்ந்தால் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மகள், நடுவில் நான். "என்னங்க சொல்றா?" என்பாள். நான் சொல்வேன். அவள் நீளமாக ஏதாவது சொல்வாள், தான் முதன்முதலாக விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்த கதை, மகள் வயிற்றிலிருந்தபோது மழையில் மலையேறிய கதை. நான் இரண்டு வார்த்தையில் மகளிடம் சொல்லி முடிப்பேன். வியாபாரத்தில் எனக்கு அதுதான் பழக்கம். நீட்டினால் சரக்கு நகராது. மகள் தலையாட்டுவாள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள், இவ்வளவு நீளத்துக்குச் சொன்னது அதற்குள் எப்படி முடிந்தது என்பதுபோல.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டரோடும் நர்ஸோடும் நான்தான் பேசினேன். அவர்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மகளைக் கூட்டிவரட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"கூட்டியாங்க," என்றாள். "அவகிட்ட நான் பேசணும். நீங்க நடுவுல நிக்காம பேசணும்."

லொறி கினிகத்தேனைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் தாய் செத்தால் மகள்தான் ஒப்பாரி எடுக்கவேண்டும். பெண்கள் தோளோடு தோள் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, மகள் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். என் மகள் கண்ணீர் விட்டாளே தவிர வாய் திறக்கவில்லை. அவளிடம் எடுக்க வார்த்தை இல்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்களில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் என் அக்கா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, காதுக்குள் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"மலையேறிக் கொழுந்தெடுத்த மகராசி - எனக்கு
மடிச்சூடு தந்துவிட்டு எங்க போன..."

பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கத் தெரியவில்லை. பெண்கள் அவளைவிடச் சத்தமாக அழுதார்கள்.

இன்றைக்கு அவள் கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. அரசாங்கச் சம்பளம். அந்த லயத்திலிருந்து கிளம்பிய வேறு எந்தப் பிள்ளை அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டது, சொல்லுங்கள். பாஷை படிக்கலாமா என்று யார் வந்து கேட்டாலும் படி என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஒன்றை விட்டுவிட்டுத்தான் இன்னொன்றைப் படிக்கவேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை.

அப்போது, அம்மாவின் கருமாதி முடிந்து அவளை லொறியில் திரும்பக் கூட்டிப்போனேன். வட்டவளை தாண்டியதும் அவள், அத்தை சொல்லித்தந்த அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று சிங்களத்தில் கேட்டாள். தான் அம்மாவிடம் என்ன சொன்னோம் என்று தெரியவேண்டும் என்றாள்.

எனக்குப் பாண் தெரியும், இறாத்தல் தெரியும், கந்தோர் தெரியும், பொலிஸ் தெரியும். மடிச்சூட்டுக்கு என்னிடம் சிங்களம் இல்லை. எனக்கு அதை யாரும் அந்தப் பாஷையில் சொன்னதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேடிப்பார்த்தேன். ரோடுதான் வளைந்து வளைந்து வந்தது.

அம்மா நல்லவள், போய்விட்டாள், அதுதான் அர்த்தம் என்றேன்.

அவ்வளவுதானா, என்றாள்.

அவ்வளவுதான், என்றேன்.