மடைக்கு யார் சொந்தக்காரர்

சோலைச்சாமி ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலைகளில் கம்பி இழுத்திருக்கிறார், பாலைவனத்தில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்திருக்கிறார். எதையும் பார்த்து எளிதில் அசந்துபோகிறவர் அல்ல. அப்படிப்பட்டவர் ஒரு புரோகிராமின் லைசென்ஸைப் படித்துவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சொந்த ஊர் மகாராஜபுரம். தொண்ணூற்றொன்றில் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார். முன்னறையில் நான் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்தேன். உள்ளறையில் அவருடைய கம்ப்யூட்டர்கள். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். என் பிள்ளைகள் தட்டுகிற சத்தமும் அவருடைய பிரிண்டர் இழுக்கிற சத்தமும் சேர்ந்து கேட்கும்.

ஒரு நாள் அவருடைய அண்ணன் பால்ச்சாமி ஊரிலிருந்து வந்தார். பிளவக்கல் அணைத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற விவசாயிகள் சங்கத்தில் அவர் பொறுப்பில் இருந்தார். எந்த மடை எந்த நாள் திறக்கும் என்ற அறிவிப்பை அச்சடித்துத் தரும்படி தம்பியிடம் கொடுத்திருந்தார். தம்பி கம்ப்யூட்டரில் போட்டு நேர்த்தியாக எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில்.

"ஏலே சோலை, இங்கிலீசுல அடிச்சுக் குடுத்தா நம்மூர்ல எவன்லே படிப்பான்?" என்றார் அண்ணன்.

"மிஷினுக்கு இங்கிலீசு மட்டுந்தான்ணே தெரியும்."

"அப்பொ அதுக்குச் சொல்லிக் குடு. நீ பட்டாளத்துல எம்புட்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தவன்."

அண்ணன் விளையாட்டாகச் சொன்னதுதான். சோலைச்சாமி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாகக் கட்டம் போட்டு வரைந்தார், அந்தப் புள்ளிகளைப் பிரிண்டருக்கு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினார். மாதக்கணக்கில் ஆனது. மடைகளின் பெயர்கள் தமிழில் அச்சாகி வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புரோகிராமுக்கும் 'மடை' என்றே பெயர் வைத்தார்.

அந்த அறிவிப்பை வத்திராயிருப்புப் பேருந்து நிலையத்தில் பார்த்துவிட்டு அவரைத் தேடி வந்தவர் ஆராவமுதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஆண்டாள் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். வங்கியில் வேலை. கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் தீராத ஆசை. வந்ததும் வராததுமாகக் குறை சொன்னார்.

"ஸார், 'கோ'ன்னு அடிக்கணும்னா முதல்ல கொம்பு அடிச்சு, பொறவு ககரம் அடிச்சு, அப்பறம் கால் போடணும்கறேள். வாய் அப்படியா சொல்றது?"

தட்டச்சில் நாங்கள் அப்படித்தான் அடிப்போம். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. நான் பத்து வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆராவமுதனுக்கு அது பொறுக்கவில்லை. மனிதன் சொல்கிற வரிசையில் தட்டவேண்டும், கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மிஷினின் வேலை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்து வந்து அந்தப் பகுதியைத் தானே எழுதினார். இருவரும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து சண்டை போடுவார்கள். சோலைச்சாமியின் மனைவி வெள்ளத்தாய் தூக்குவாளியோடு மாடியேறி வந்து, "சண்டையச் செத்த நேரம் நிப்பாட்டிட்டுச் சாப்பிடுங்க" என்பார்.

மடையை அவர்கள் விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு கடைக்காரர் முதல் திரையிலிருந்த இருவர் பெயரையும் அழித்து, தன் கடையின் பெயரைப் போட்டு விற்றார். சோலைச்சாமிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குப் பிறகு வந்த பிரதிகளில் ஒரு வரி சேர்த்தார். 'இதை யாரும் இலவசமாகக் கொடுக்கலாம். யாரும் விற்கக் கூடாது.'

தொண்ணூற்று நான்கில் ஆராவமுதன் மாரடைப்பில் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளறை அமைதியாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்களிடம் அப்போது அந்த வசதி கிடையாது. உப்பிலி என்ற கல்லூரி விரிவுரையாளர் தன் கல்லூரியில் வந்ததை அச்சிட்டு எடுத்து வந்தார். எழுதியவர் நெதர்லாந்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கும் ஆனெக்கே என்ற பெண். அவரும் பல நாட்டு நண்பர்களும் வேலை நேரம் போக மீதி நேரத்தில், சம்பளம் எதுவும் இல்லாமல், உலக மொழிகளுக்கான புரோகிராம்களைத் திரட்டி ஒரே சிடியில் போட்டு வெளியிட்டு வந்தார்கள். யாரோ ஒரு தமிழ் மாணவர் மூலம் மடை அவர்கள் கைக்குப் போயிருந்தது. அதைச் சேர்த்துக்கொள்ள ஆசை. ஆனால் 'விற்கக் கூடாது' என்ற வரி இருக்கும்வரை சேர்க்க முடியாது, அதை எடுத்துவிட இயலுமா என்று கேட்டிருந்தார்.

"விக்கிறதுக்கு அனுமதி கேக்காவளா? மதுரைக்காரன் கேக்காம வித்தான், இவிய கேட்டுட்டு விக்கப் போறாவளா?" என்று சோலைச்சாமி எழுந்துவிட்டார்.

உப்பிலி நிதானமாகச் சொன்னார். "அவா விக்கலை ஸார். ஆனா சிடி அடிச்சு ஊர் ஊரா அனுப்பறவன் அதுக்கு ஒரு விலை வைப்பான். புஸ்தகம் போடறவன் புஸ்தகத்தோட சேர்த்துக் குடுப்பான். உங்க வரி இருந்தா அவாள்ளாம் இதைத் தொடவே முடியாது. திருடறவன் எந்த வரியையும் படிக்கப் போறதில்லை. படிச்சு மதிக்கறவனைத்தான் இது தடுக்கறது."

பிறகு, புரோகிராமை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமப் பத்திரம், அவர்கள் சிபாரிசு செய்த லைசென்ஸ், அதன் பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சோலைச்சாமி அதை நாள் முழுக்கப் படித்தார். சட்ட ஆங்கிலம். ராணுவ ஆணைகளைப் படித்துப் பழகியவர் என்பதால் விடவில்லை. சாயங்காலம் வகுப்பு முடிந்து நான் எட்டிப் பார்த்தபோது தாள்கள் மடியில் கிடந்தன. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"டீச்சர், இத எழுதுன ஆளு சாதாரண ஆளில்ல. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம்ங்கான். ஆனா எவன் கையில குடுத்தாலும், புரோகிராமுக்கு உள்ள எழுதியிருக்க வரிகளையும் சேர்த்துக் குடுக்கணும், உனக்குக் கெடைச்ச அம்புட்டு உரிமையும் அவனுக்கும் குடுக்கணும்ங்கான். எழுதினவன் பேர அழிக்கப்படாது. என் சொத்து என் சொத்துன்னு பூட்டுறதுக்கு இருக்க சட்டத்த வச்சே, எவனும் பூட்ட முடியாதபடி செஞ்சிருக்கான். இப்படியும் ஒருத்தனுக்குத் தோணுமா?"

அவர் குரல் தாழ்ந்திருந்தது. கோவிலில் பேசுகிற குரல்.

சம்மதம் என்று பதில் போயிற்று. திரும்பி வந்த அஞ்சலில் ஆனெக்கே இன்னொன்று கேட்டிருந்தார். மடை முழுவதும் உங்கள் ஒருவருடையதா? வேறு யாராவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி அவருடையது. அவருடைய சம்மதம் வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

"செத்துப்போன மனுசன் எழுதுன வரி, இன்னும் அவருதாமில்ல!" என்றார் சோலைச்சாமி. எங்கேயோ ஹாலந்தில் இருக்கிற ஒரு பெண், முகம் தெரியாத ஆராவமுதனின் உரிமைக்காக ஒரு சிடியையே நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பது அவரைக் குலுக்கிவிட்டது.

உப்பிலிக்குத் தயக்கம். "வெளியீடு நெருங்கறது. எல்லாம் உங்களோடதுன்னு ஒரு வரி எழுதிடலாமே. யாருக்குத் தெரியப் போறது?"

"எனக்குத் தெரியுமே."

அந்தப் பகுதியை மட்டும் புதிதாக எழுதிப் பார்த்தார். ஒரு வாரம் உட்கார்ந்தார். முடியவில்லை. "அவரு கூடச் சண்ட போட்டுச் சண்ட போட்டு, அவரு யோசிச்ச மாதிரியே எனக்கும் யோசன வருது டீச்சர். எழுத எழுத அவரு எழுதுனதேதான் வந்து நிக்குது" என்றார். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று என்னையும் அழைத்தார்.

ஆராவமுதனின் மனைவி ஜயலக்ஷ்மி ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. மாட வீதிக்குப் பின்னால் வீடு. காப்பி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புரியவில்லை என்று நேராகச் சொன்னார்.

"அவர் ராஜபாளையம் போறார், ஏதோ பண்றார்னு தெரியும். என்ன பண்ணினார்னு நான் கேட்டதில்லை. அதைப் பாக்காம எப்படி ஸார் சம்மதம் சொல்றது?"

"பாக்கலாம்மா. எப்ப வேணாலும் வாங்க."

அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார். விசைப்பலகைக்கு முன்னால் அவரை உட்கார வைத்தோம். என்ன அடிக்கட்டும் என்றார். மனசில் வருவதை அடியுங்கள் என்றேன். ஆண்டாளின் இன்னொரு பெயரை, 'கோதை' என்று, ஒவ்வொரு சாவியாகத் தேடி அடித்தார். க அடித்தார். பிறகு ஓகாரம். ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் தாமாக வந்து நின்றன. த அடித்து ஐகாரம் அடித்ததும் தகரம் ஒரு எட்டு நகர்ந்து இடம் விட்டது, 'தை' ஆயிற்று. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நான் முன்னாடி எதையும் அடிக்கலையே!"

"அதுதாம்மா அவிய செஞ்சது" என்றார் சோலைச்சாமி. ஆராவமுதன் எழுதிய பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடந்தன. பிறகு அதை மீண்டும் இயக்கினார். கோதை சரியாக வந்து நின்றாள்.

ஜயலக்ஷ்மி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் நீர் இல்லை. குழந்தை முதன்முதலில் ரயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதை யாரோ ஒருத்தன் எடுத்து விக்கலாமா?"

"விக்கலாம்மா."

"நமக்கு?"

"ஒண்ணும் வராது."

"வேற யாராவது இதை மாத்திடலாமா?"

"மாத்தலாம். மாத்தினத வெளிய குடுத்தா, அவனும் இதே உரிமையோடதான் குடுக்கணும்."

"அவர் பேர்?"

"அதுமட்டும் எடுக்கப்படாது. சட்டமே அப்படித்தான். இது எங்க போனாலும் அவிய பேரும் கூடவே போகும்."

"எங்கெல்லாம் போகும்?"

"எனக்குத் தெரியலம்மா. யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில்தான் அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன். "அவர் மதுரைக்கு அந்தண்டை போனதே இல்லை ஸார்," என்றார். அங்கேயே உட்கார்ந்து தன் கையால் சம்மதம் எழுதிக் கொடுத்தார். பம்பாயில் இருந்த மகள் ஸாவித்ரியும் வாரிசுதான் என்பதால் அவளும் எழுதி அனுப்பினாள். தன் அப்பா கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது தனக்கு இப்போதுதான் தெரிகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது.

மடை அந்தச் சிடியில் வெளியானது. எங்களுக்கு வந்த பிரதியை சோலைச்சாமி இரண்டு கையாலும் வாங்கினார். அதற்குப் பிறகு ஓயாமல் வேலை. யாரோ பிழை கண்டுபிடித்து எழுதினார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் புதுப் பிரிண்டர்களுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பினார். அதையெல்லாம் சேர்த்து அடுத்த பிரதி போட்டார் சோலைச்சாமி. ஒவ்வொருவரின் பெயரையும் அதில் எழுதினார். சிலர் தங்களுக்குச் சொந்தமில்லாத எழுத்துருக்களைச் சேர்த்து அனுப்புவார்கள். "இது யாரு வரைஞ்சது, கேட்டியளா?" என்று திருப்பி எழுதுவார். அதற்காக அவரோடு கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர் இறங்கி வரவில்லை.

தொண்ணூற்றொன்பதில் கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லூரி மாணவர்கள் சிலர் ஆராவமுதனின் பகுதியை மட்டும் எடுத்து, வங்காள எழுத்துக்குப் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் எழுத்திலும் கொம்பு முன்னால் போகுமாம். மாதிரி அச்சு ஒன்று வைத்திருந்தார்கள். புரோகிராமின் தலைப்பில் வங்காளப் பையன்களின் பெயர்களுக்கு மேலே ஆராவமுதன், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அப்படியே இருந்தது.

சோலைச்சாமி வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு அடுத்த பேருந்திலேயே கிளம்பினார். பள்ளிக்கூட வாசலில் ஜயலக்ஷ்மியைப் பார்த்து அந்தத் தாளைக் கொடுத்ததாகவும், அவர் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே நின்றதாகவும் வந்து சொன்னார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"பொறவு உள்ள போயி, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள்ட்ட இந்தியா மேப்ப விரிக்கச் சொல்லி, கல்கத்தா எங்க இருக்குன்னு காட்டச் சொன்னாவ."