வரி விழாத மணல்

கடற்கரையில் கொடிக்காரர் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். குளிப்பதற்கு எந்த இடம் ஆகாது என்று பார்த்து அங்கே சிவப்புக் கொடி நடுவது இளவயதிலிருந்தே அவர் வேலை. அலை உடைந்து வெளுக்கும் இடத்தில் அடியில் மணல்திட்டு இருக்கும், ஆழம் குறைவு. இரண்டு வெளுப்புக்கு நடுவே தண்ணீர் கறுத்துச் சாதுவாகக் கிடந்தால், அது ஓடை. கரையேறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பும். ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

போன வருடத்திலிருந்து அவருக்கு வெளுப்பும் கறுப்பும் ஒரே சாம்பல். கண்ணில் புரை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

"டம்ளர் இங்க இருக்கு, நீங்க மேசைக்குத் தண்ணி ஊத்துறீங்க. சொல்லிட்டு வேலைய விடுங்களேன்."

"விட்டுட்டு உன் மூஞ்சியப் பார்த்துட்டு உக்காரவா? அதுவும்தான் தெரியலையே!"

அவள் சிரிக்கவில்லை.

கண் கைவிட்டபின் கால் உதவியது. முழங்கால் தண்ணீரில் நடந்து, மணலில் விழுந்திருக்கும் வரிகளைப் பாதத்தால் தடவிப் பார்ப்பார். வரியின் செங்குத்தான பக்கம் கரையைப் பார்த்திருந்தால் பயமில்லை. கடலைப் பார்த்திருந்தால் அங்கே இழுப்பு. புயல் வரும்வரை கொடி பிசகவில்லை.

புயல் ஓய்ந்த மறுநாள் நல்ல வெயில். கூட்டம் காலையிலேயே வந்துவிட்டது. அவர் தண்ணீரில் இறங்கினார். வரியே இல்லை. புயல் எல்லாவற்றையும் வழித்து, மணலைச் சிமெண்டுத் தரைபோல ஆக்கியிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தும் பாதத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஓடை இடம் மாறியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். பழைய இடத்திலேயே கொடியை நட்டுவிட்டுப் போகலாம். யாராவது இழுபடும்வரை ஒருவருக்கும் தெரியாது.

கொட்டகையிலிருந்த கொடிகளையெல்லாம் தூக்கிவந்து, கரை நெடுக நட்டார்.

மிதக்கும் டயர்களை வாடகைக்கு விடும் மனைவியின் தம்பி ஓடிவந்தான். "என்ன அத்தான், கடலுக்கு வேலி போடுறீங்களா? குளம் மாதிரி கிடக்கு! ஆகாத இடத்தைக் காட்டிட்டு மத்ததைத் திறந்துவிடுங்க."

"எதுன்னு தெரியலப்பா."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்தாத் தெரிய மாட்டேங்குது. போன வருஷத்துலேருந்தே."

அவன் கடலைப் பார்த்தான். அவர் கண்களைப் பார்த்தான். பின்னால் கூட்டம் கூச்சலிட்டது. அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.

"ஆபீஸுக்குச் சொல்லிடுறேன், வேற ஆள் வர்ற வரைக்கும் நீயே ஊது. யார் இறங்குறாங்கன்னுகூட எனக்குத் தெரியல."