பஸ்ஸை நிறுத்திய என் கை

இன்று முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் என் கை தானாகப் போய்த் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் தட்டியது. இங்கே ஒரு தட்டு என்றால் பஸ் நிற்கும். நின்றது. இறங்க ஆளில்லை. திரும்பவும் தட்டியது, திரும்பவும் நின்றது.

"சேட்டையோ? இறங்கடா!" என்றார் கொண்டக்டர்.

இறங்கினால், காலையில் எழுத வேண்டிய சோதனை போச்சு.

"அண்ணை, சேட்டை எண்டால் இதைவிட வடிவாச் செய்வன். இது டூரெட், நரம்புப் பிரச்சினை. அடக்க அடக்கக் கூடும்."

என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரதியிடம் கத்தினார்: "அண்ணை, இண்டைக்குத் தட்டுக்கு நிப்பாட்டாதேங்கோ. நான் வாயால சொல்லுறன்!"

வழி முழுக்க "இறக்கம்!", "றைட்!" என்று கத்தியே வந்தார். நான் நன்றி சொன்னபோது கத்திக் கத்தித் தொண்டை கட்டி அவருக்குக் குரலே வரவில்லை.

நாளைக்கு அவருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயா, மல்லித் தண்ணியா? சொல்லுங்கோ.