அம்மா நிரப்பிய கோடிட்ட இடங்கள்

ஐந்தாம் வகுப்பு படித்தபோது நான் என் அம்மாவுக்கு இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன்.

அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். இருட்டோடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். நாள் முழுக்க நின்றபடியே ஒயர் இணைக்கிற வேலை. இங்கிலீஷ் பரீட்சையில் பாஸ் செய்கிறவர்களை செக்கிங் செக்ஷனுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அம்மா மறுநாளே ஒரு கைடு வாங்கிக்கொண்டு வந்தாள். பத்தாவது வரை தமிழில் படித்தவள் அவள். நானோ இங்கிலீஷ் மீடியம். அதனால் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கைடில் பாதிக்குமேல் கோடிட்ட இடங்கள்தான். தெரியாத வார்த்தையைக் கண்டு பயப்படக்கூடாது, முன்னும் பின்னும் இருக்கிற வார்த்தைகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கள் மிஸ் சொல்லியிருந்தார். 'பட்' வந்தால் எதிர்ப்பதம், 'பிகாஸ்' வந்தால் காரணம். இதையெல்லாம் மிஸ்ஸின் குரலிலேயே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தரையில் படுத்து, வீங்கின கால்களைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு கேட்பாள். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். "பணக்காரன், ஆனால் அவன் வாழ்க்கை" என்று நான் இழுப்பதற்குள் "சிம்பிள்" என்பாள்.

ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வந்தது. அந்தத் தொழிலாளி மிகவும் கோடிட்ட இடமாக இருந்தாள், அதனால் மேனேஜரிடம் ஒரு நாற்காலி கேட்டாள். விடைக்கு நாலு வார்த்தைகள்: டயர்ட், பிரேவ், ரிச், ஹேப்பி.

அம்மா யோசிக்கவே இல்லை. "பிரேவ்."

"தப்பு. நாற்காலின்னு வருதில்லம்மா? டயர்டுதான்."

"டயர்டா இருந்தா கேட்டுருவாளா? லைன்ல எல்லாரும்தான் டயர்டா கீறோம். எவ கேட்டா? மேனேஜராண்ட போய் கேக்கறதுன்னா தைரியம் வோணும்டி."

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைக் காட்டினேன். மிஸ் செய்வதுபோல, வேண்டுமென்றே பெரிதாக ஒரு தப்புக்குறி போட்டேன்.

"சரி, புக்குல இன்னா போட்டுகீதோ அதையே எழுதிக்க" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பரீட்சையை ஷிப்ட் முடிந்த பிறகு கேன்டீனில் வைத்தார்கள். அன்று வாசலிலேயே நின்று அவளுக்காகக் காத்திருந்தேன். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

"பாதி பேப்பர் வரிக்கும் நல்லாத்தான் எழுதிக்கினு இருந்தேன் பாப்பா. அப்பிடியே டேபிள்மேல தூங்கிட்டேன். பேப்பர் வாங்க வந்தவங்கதான் எழுப்பினாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவ்ளோ சொல்லிக்குடுத்தேனே! போய்த் தூங்கினியா?" என்று கத்தினேன். என் மானமே போய்விட்டதாக நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இனிமேல் உனக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அவள் தலையணைமேல் வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மிஸ்ஸு, மன்னிச்சுக்கோ. அடுத்த வாட்டி தூங்க மாட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். அவள் என்ன தப்பு செய்தாள் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.